மலையடிவாரத்தின் இரு நகரங்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டார வரலாறு

சீனப் பேரரசின் ஒவ்வொரு மாகாணத்துக்கும், அதன் உட்பிரிவான ஒவ்வொரு வட்டத்துக்கும், 'ஃபாங்சி' எனப்படும் நிலவியல் வரலாற்றேடு ஒன்றை எழுதி வைக்கும் மரபு சோங் அரசர் காலத்தில் (960–1279) வேரூன்றி, பின்வந்த மிங், சிங் அரசர்களின் காலத்தில் நாடெங்கும் பரவியது. மலையும் ஆறும் முதலில், அவற்றை அடுத்து நீர்நிலை, விளைபொருள், வரி, கோயில், குடிவழி, விழா, ஊரில் பிறந்த சான்றோர் என்ற அடைவில் அமைந்த அவ்வேடுகளில் 8,000-க்கும் மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரி தாம் ஆளவிருக்கும் நிலத்தை அறிந்துகொள்ள முதலில் கையில் எடுத்தது அந்த ஏட்டைத்தான். தமிழ்நாட்டில் இத்தகைய ஏடுகள் தொடர்ச்சியாக எழுதப்படவில்லை. தலபுராணம் ஒரு பக்கத்தையும், கோயில் கல்வெட்டு ஒரு பக்கத்தையும், 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய மாவட்டக் கையேடுகள் மற்றொரு பக்கத்தையும் சொல்ல, இவற்றை இணைத்துப் பார்க்கும் பணி வாசகரிடம் விடப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அடங்கிய மலையடிவாரப் பகுதி இந்தக் குறையால் மிகுதியாக இழந்த வட்டாரங்களுள் ஒன்று. ஏனெனில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், ராஜபாளையம் என்றால் பஞ்சாலை என்று இரண்டு ஊர்களும் தனித்தனியே பேசப்படுகின்றனவே தவிர, 12 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் ஒரே மலையின் நீரை உண்டு வளர்ந்த அவ்விரண்டையும் ஒரே நிலத்தின் வரலாறாகக் கண்டு எழுதியவர்கள் மிகச் சிலரே.

அந்த நிலத்தின் அமைப்பை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்ப்பது எளிது. மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக எழுந்து நிற்கிறது. அதன் மறுபக்கம் கேரளத்தின் பெரியாற்றுக் காடு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிடுவதால், கிழக்குச் சரிவின் அடியில் உள்ள ஊர்கள் மழை மறைவு நிலமாகி, ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கின்றன. மலையை ஒட்டிய மேற்குப் பகுதி செம்மண்ணும் வண்டலும் கலந்தது. தென்னை, மா, நெல் ஆகியவை அங்கே. கிழக்கே செல்லச் செல்ல மண் கறுத்து, சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசலோடு சேர்ந்துவிடுகிறது. பருத்தியும் கம்பும் சோளமும் அங்கே. ஒருவர் மாட்டுவண்டியில் அரைநாள் பயணத்தில் அடர்காட்டிலிருந்து தொடங்கி, தோப்பும் வயலும் கடந்து, மரமற்ற கரிசல் வெளிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று இலக்கணம் வகுத்த நிலங்கள் இவ்வளவு நெருக்கமாக அடுத்தடுத்து அமைந்திருப்பது தமிழகத்தில் அரிது.

மலையிலிருந்து இறங்கும் நீர் எதுவும் பெரிய ஆறாக இல்லை. முடங்கியாறு, தேவியாறு, நகரியாறு, காயல்குடி ஆறு, அர்ச்சுனா நதி என்று பல சிற்றாறுகள் தனித்தனியே இறங்கி, கிழக்கே வைப்பாற்றோடு கலந்து மன்னார் வளைகுடாவை அடைகின்றன. ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டுமே தெரியும் இவ்வாறுகளில், மலையில் கனமழை பெய்த சில நாள்களில் வெள்ளம் திடீரென்று புரண்டு வந்து, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஓடிவிடும் அந்த நீரைப் பிடித்து நிறுத்துவதற்காகவே கண்மாய்கள் எழுந்தன. ஏரி என்று வட தமிழகத்தில் சொல்லப்படுவதை இப்பகுதியினர் கண்மாய் என்பர்: மூன்று பக்கம் மண் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டு, ஆற்றிலிருந்து வரத்துக்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்து, மடை வழியாக வயலுக்கு விட்டு, நிரம்பியபின் மிகுநீர் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லுமாறு அமைந்த தொடர் ஏற்பாடு அது. மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ் ஊர் விதைக்க முடியும் என்பதால், நீர்ப் பங்கீடு இங்கே ஊர்களுக்கு இடையிலான உறவையும் பகையையும் சேர்த்தே தீர்மானித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் கண்மாயும், வத்திராயிருப்புக்கு மேற்கே பின்னாளில் கட்டப்பட்ட பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளும் இந்த நீரமைப்பின் இரு வேறு காலத்து அடையாளங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணம் இந்த நிலவியலோடு பொருந்துவது கவனத்துக்குரியது. மல்லி என்னும் அரசியின் ஆட்சியில் இருந்த காட்டில் அவளுடைய மக்களான வில்லி, கண்டன் என்னும் வேடர் குலச் சகோதரர் இருவர் வேட்டைக்குச் சென்றதாகவும், புலி ஒன்றால் கண்டன் கொல்லப்பட்டதாகவும், துயரில் உறங்கிய வில்லியின் கனவில் ஆலிலைப் பள்ளிகொண்ட பெருமாள் தோன்றி உண்மையை உணர்த்தியதாகவும், அதன்பின் வில்லி காடு திருத்திக் கோயிலும் ஊரும் எடுத்ததாகவும் அப்புராணம் கூறுகிறது. இது நடந்தது எப்போது என்று தேடுவது பயனற்றது. ஆனால் ஊரின் தோற்றத்தைக் காடு திருத்தலோடும், வேடரோடும், புலியோடும் இணைத்து நினைவில் வைத்திருக்கும் ஒரு மரபு, அந்த ஊர் மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான எல்லையில் பிறந்ததை மறக்கவில்லை என்பது தெளிவு.

ஊருக்குப் புகழ் தந்தது பக்தி இயக்கம். பன்னிரு ஆழ்வார்களுள் பெரியாழ்வாரும், அவர் துளசி நந்தவனத்தில் கண்டெடுத்து வளர்த்த ஆண்டாளும் இவ்வூரினர். 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவையும் 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியும் ஆண்டாளின் படைப்புகள். காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு: திருப்பாவையில் வெள்ளி எழுந்ததும் வியாழன் மறைந்ததும் குறிக்கப்படுவதை வானியல் கணக்கோடு ஒப்பிட்டு மு. இராகவையங்கார் கி.பி. 731-ஆம் ஆண்டைச் சுட்டினார்; பெரியாழ்வாருக்குப் பொற்கிழி அளித்ததாகச் சொல்லப்படும் பாண்டியன் வல்லபதேவனை 9-ஆம் நூற்றாண்டு ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனாகக் கொள்வோர் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவர். எப்படியாயினும், 8-ஆம் 9-ஆம் நூற்றாண்டுகளில் மதுரைப் பாண்டிய அரசின் தென்மேற்கு விளிம்பில் இருந்த ஒரு சிற்றூரிலிருந்து எழுந்த பாடல்கள் இன்று தமிழ் பேசாத நிலங்களிலும் மார்கழி விடியலில் ஒலிக்கின்றன; திருமலையில் அம்மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவையே ஓதப்படுகிறது.

கோயில் இரண்டு பகுதிகளாலானது. வடபத்ரசாயி எனப்படும் ஆலிலைப் பள்ளிகொண்டவர் சன்னதி மேல்தளத்திலும், அதன் கீழே நரசிம்மர் சன்னதியும் அமைய, சற்றுத் தள்ளி ஆண்டாள் கோயில் தனியே நிற்கிறது. அங்கு ஆண்டாள், ரங்கமன்னார் ஆகியோருடன் கருடனும் ஒரே பீடத்தில் எழுந்தருளியிருப்பது வேறெங்கும் எளிதில் காண இயலாத அமைப்பு. வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரம் ஏறத்தாழ 192 அடி உயரமுடையது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் இதுவே என்று பரவலாக நம்பப்படுகிறது. ஓவியர் கிருஷ்ணராவ் வரைந்தது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக்கோபுரம் என்போரும் உண்டு, அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. கோயிலின் வழிபாட்டு மரபுகளில் இரண்டு தனிக் கவனத்துக்குரியவை. ஒன்று, ஆண்டாளின் இடக்கையில் வைக்கப்படும் கிளி. மரவள்ளி இலைகளை மடித்து உடலாக்கி, மாதுளம்பூவை அலகாக்கி, மூங்கில் குச்சிகளைக் கால்களாக நிறுத்தி, வாழைநாரால் கட்டி, பல மணி நேரம் பொறுமையாக உருவாக்கும் அக்கிளி ஒரு நாளுக்கு மட்டுமே. மறுநாளுக்கு வேறொரு கிளி புதிதாகச் செய்யப்பட வேண்டும். இந்த வேலையைப் பரம்பரையாகச் செய்துவரும் கைகளில் எழுத்தில் இல்லாத ஒரு கலை காப்பாற்றப்படுகிறது. மற்றொன்று அரையர் சேவை. கூம்பு வடிவக் குல்லாயும் கையில் தாளமும் கொண்ட அரையர், பாசுரத்தை இசையோடு பாடி, அதற்கு அபிநயம் பிடித்து, பின் உரையும் சொல்லும் இந்த மரபு ஒருகாலத்தில் பல திவ்விய தேசங்களில் இருந்து, இப்போது திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், கர்நாடகத்து மேல்கோட்டை போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய தலங்களில் மட்டும் நிலைத்திருக்கிறது. இயல், இசை, நாடகம் மூன்றும் ஒரே ஆளிடம் கூடி நிற்கும் இக்கலையைத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் இன்னும் போதிய அளவில் கருத்தில் கொள்ளவில்லை.

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஊரைவிட்டு வெளியே செல்லும் வழக்கமும் வரலாற்று முக்கியத்துவம் உடையது. புரட்டாசிப் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்காகத் திருமலைக்கும், சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்காக மதுரைக்கும் இங்கிருந்து மாலை அனுப்பப்படுகிறது. பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்துக்குத் திருமலையிலிருந்து பட்டு வருகிறது. பெரிய கோயில்களுக்கும் அரசுத் தலைநகர்களுக்கும் இடையே இப்படிப் பொருள் பரிமாறும் உறவு இருந்ததால், மலையடிவாரத்தில் ஒதுங்கிக் கிடந்த இவ்வூர் ஆந்திர நாட்டோடும் மதுரையோடும் தொடர்பு அறாமல் இருந்தது.

விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெலுங்கில் இயற்றிய 'ஆமுக்தமால்யத' ஆண்டாளின் கதையைப் பொருளாகக் கொண்டது. அதன் தொடக்கத்தில் வில்லிபுத்தூர் நகரின் வளம் விரிவாக வருணிக்கப்படுகிறது. துங்கபத்திரைக் கரையில் ஆண்ட அரசர் ஒருவர் பாண்டிய நாட்டின் கோடியிலுள்ள ஊரைத் தம் காப்பியத்தின் களமாக்கியது, அக்காலத்தில் இவ்வூர் பெற்றிருந்த மதிப்பைக் காட்டுவதோடு, அடுத்த இரு நூற்றாண்டுகளில் தெலுங்கு பேசும் மக்கள் இப்பகுதியில் குடியேறியதன் பண்பாட்டுப் பின்புலத்தையும் விளக்குகிறது. அரசியல் பின்புலம் வேறு. 1529-ஆம் ஆண்டளவில் மதுரையில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றபின், நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. படைவீரர்களைத் திரட்டித் தருவதும் காவல் காப்பதும் கடமையாகக் கொண்டு, அதற்கு ஈடாக ஊர்களின் வருவாயைப் பெறும் சிற்றரசுப் பகுதியே பாளையம். சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி ஆகிய பாளையங்கள் இந்த மலையடிவாரத்தில் வரிசையாக அமைந்தன. மலைக்கணவாய்களையும் நீர்வரத்தையும் கட்டுப்படுத்துவதே அவற்றின் பலம்.

திருமலை நாயக்கரின் காலத்தில் (1623–1659) ஸ்ரீவில்லிபுத்தூர் மதுரைக்கு அடுத்த இரண்டாம் தங்குமிடம் போல ஆனது. அவர் பெயரால் வழங்கும் அரண்மனை இன்றும் ஊரில் நிற்கிறது. பின்னாளில் அது நெடுங்காலம் நீதிமன்றமாகப் பயன்பட்டது. ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்த செய்தி வழிநெடுக அமைந்த மண்டபங்களின் மணியோசையால் மதுரையை எட்டிய பின்னரே அரசர் உணவு கொண்டார் என்னும் வழக்கு இப்பகுதியினர் அனைவரும் அறிந்தது. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒலி கடத்தப்பட்டதா என்பதை உறுதிப்படுத்தும் ஆவணம் இல்லை என்றாலும், தலைநகருக்கும் இவ்வூருக்கும் இடையே சாலையும் மண்டபங்களும் அரசு கவனத்துடன் பேணப்பட்டன என்பதை அந்த வழக்கு உணர்த்துகிறது. மடவார்வளாகத்து வைத்தியநாதர் சிவாலயத்துக்கும் அவர் திருப்பணி செய்ததாக மரபு உண்டு. நாயக்கரின் வயிற்றுவலி அங்கே தீர்ந்ததாகக் கோயில் வரலாறு சொல்கிறது.

ராஜபாளையம் இந்தக் காலத்தின் குழந்தை. ஆந்திர நாட்டிலிருந்து விசயநகர, நாயக்கர் படைகளோடு தெற்கே வந்த ராஜுக்கள் எனப்படும் வகுப்பினர் பல இடங்களில் தங்கிய பின், முடங்கியாற்று நீர் கிடைக்கும் இப்பகுதியில் ஊர் அமைத்தனர் என்பது அவர்களுடைய குடிவழி நினைவு. தனஞ்சய, காசியப, கௌண்டின்ய, வசிஷ்ட ஆகிய கோத்திரப் பிரிவுகளும், வீட்டுக்குள் தெலுங்கும், வெளியில் தமிழும், பெயரின் இறுதியில் 'ராஜா' என்னும் சொல்லும் இன்றுவரை தொடர்கின்றன. பழையபாளையம், சிங்கராஜாகோட்டை முதலிய தெருப்பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 'சாவடி' என்னும் பொதுக்கூடம் இருப்பது இவ்வூர் அமைப்பின் தனிச்சிறப்பு. திருமணப் பேச்சு, கோயில் திருவிழா ஏற்பாடு, நீர்ப் பங்கு, குடும்பத் தகராறு ஆகியவை சாவடியில் கூடியே தீர்க்கப்பட்டன. பின்னர் பள்ளிக்கூடம் நிறுவுவதற்கும் ஆலைக்குப் பங்கு சேர்ப்பதற்கும் தேவைப்பட்ட கூட்டு நம்பிக்கை இந்தச் சாவடிப் பழக்கத்திலிருந்தே வந்தது என்று கருத இடமுண்டு.

இத்தகைய குடியேற்றத்துக்கு மிக நெருங்கிய ஒப்புமையைத் தென்கிழக்குச் சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்தில் காணலாம். அம்மாகாணம் பெரும்பாலும் மலை. ஆறுகள் குறுகியவை, வேகமானவை. விளைநிலம் மலைகளுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடப்பது. 4-ஆம் நூற்றாண்டில் வட சீனம் போரால் சிதைந்தபோதும், பின்னர் தாங் அரசர் காலத்திலும் அலையலையாக அங்கே குடியேறிய மக்கள், தாம் வந்த வடபுலத்து ஊர்ப் பெயர்களையும் குடிவழிப் பட்டியல்களையும் விடாமல் காத்து, ஒவ்வொரு குலத்துக்கும் முன்னோர் மண்டபம் ஒன்றை எழுப்பினர். ஊர்ச் செலவு, பள்ளி, வழக்குத் தீர்ப்பு, நீர்ப் பங்கு அனைத்தும் அம்மண்டபத்தைச் சுற்றியே அமைந்தன. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்ட அம்மாகாணத்தின் பேரேடு மலை, நீர் பற்றிய பகுதிகளோடு குடிகள், பழக்கவழக்கங்கள் பற்றியும் விரிவாகப் பதிவு செய்தது. ஃபூஜியனுக்கும் தமிழருக்கும் நேரடித் தொடர்பும் உண்டு: அங்குள்ள சுவான்சோ துறைமுகத்தில் சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் 1281-இல் சிவன் கோயில் ஒன்றை எழுந்தருளுவித்ததைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அங்கே சென்ற தமிழர் குடி சீன மக்களிடையே கலந்து மறைந்துவிட்டது. இங்கே வந்த தெலுங்கர் குடியோ மொழியைக் காத்துக்கொண்டே நிலத்துக்கு உரியவராயினர். எண்ணிக்கையும் அரசு ஆதரவும் ஒரு காரணம் என்றால், வணிகர் துறைமுகத்தை நம்பி வாழ, உழவர் கண்மாயை நம்பி வாழ்ந்தது அதைவிடப் பெரிய காரணம். மடையின் முறைநீரில் பங்கு பெற்றவர் ஊரைவிட்டுப் போவதில்லை.

ராஜபாளையத்தின் பெயரை நாட்டுக்கு வெளியே அறிமுகப்படுத்தியது ஒரு நாயினம். உடல் முழுதும் பால்வெள்ளை, மூக்கும் இமையோரமும் இளஞ்சிவப்பு, நீண்ட கால், ஒட்டிய வயிறு, சற்றே மடிந்த காது என்பவை ராஜபாளையம் நாயின் அடையாளம். பாளையக்காரர்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் இதை வளர்த்தனர். போரில் ஆங்கிலேயர் குதிரைகளை இது மறித்தது என்பது ஊர்வழக்கு. வெள்ளை நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனச்சேர்க்கை செய்ததால் குட்டிகளில் சில காதுகேளாமல் பிறப்பது இவ்வினத்தின் பெருங்குறை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளுள் ஒன்று இதற்கு உரியதாயிற்று.

18-ஆம் நூற்றாண்டின் பாளையக்காரர் போர்களில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டை ஆர்க்காட்டு நவாபின் படைக்கும் நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கூட்டணிக்கும் இடையே கைமாறியது. யூசுப் கான் என்னும் மருதநாயகத்தின் படையெடுப்புகளில் கொல்லங்கொண்டான் முதலிய மலையடிவாரப் பாளையங்கள் பெரிதும் அடிபட்டன. 1801-க்குப் பின் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சி உறுதிப்பட்டபோது இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. ஸ்டூவர்ட் எழுதி 1879-இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்டக் கையேடு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தையும் உள்ளடக்கியது. ஆனால் 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் புதிதாக உருவாக்கப்பட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அதனுடன் இணைக்கப்பட்டதால், 1917-இல் பேட் எழுதிய விரிவான திருநெல்வேலி விவரச்சுவடியின் வரம்புக்கு அவை வெளியே நின்றுவிட்டன. இராமேசுவரம் கடலையும் மேற்கு மலைக் காட்டையும் ஒரே மாவட்டமாக வைத்திருந்த அந்த ஏற்பாடு 75 ஆண்டுகள் நீடித்து, 1985-இல் காமராசர் மாவட்டம் பிரிந்தபோது முடிந்தது. அதுவே பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. ஆட்சி எல்லை இவ்வாறு மாறிக்கொண்டே இருந்ததும் இவ்வட்டாரத்துக்கென்று முழுமையான நூல் அமையாததற்கு ஒரு காரணம். ஆயினும் கல்விப் பற்று குறையவில்லை: திருநெல்வேலி ஆட்சியராக இருந்த பென்னிங்டன் பெயரில் 1875-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கப்பட்ட பொது நூலகம் தமிழ்நாட்டின் பழைமையான நூலகங்களுள் ஒன்றாக இன்றும் இயங்குகிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் விளையும் கம்போடியாப் பருத்தி தென்மாவட்டங்களில் பரவியது. கரிசலில் மானாவாரியாக விளைந்த நாட்டுப் பருத்தியைவிட நீண்ட இழையுடைய அது நூற்பாலைகளுக்கு ஏற்றது. 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில்பாதை திறக்கப்பட்டதும், இரு நகரங்களும் ஒருபுறம் மதுரையோடும் மறுபுறம் செங்கோட்டை வழியாகக் கொல்லத்தோடும் இணைந்தன. 1932-இல் நீலகிரியின் பைக்காராவில் தொடங்கிய நீர்மின்சாரம் தெற்கே நீண்டதும், 1944-இல் பாபநாசம் மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும் ஆலைகளுக்கு வலுச்சேர்த்தன. இந்தச் சூழலில்தான் பி.ஏ.சி. ராமசாமி ராஜா (1894–1962) 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். உழவையும் உள்ளூர் வணிகத்தையும் மட்டுமே அறிந்த ஊர், ஒரு தலைமுறைக்குள் சங்கு ஒலிக்கு எழுந்து மூன்று முறை மாறும் ஆலை ஊராயிற்று. அவர் தொடங்கிய சிமெண்ட் நிறுவனத்தின் முதல் ஆலை 1962-இல் விருதுநகர் அருகே துலுக்கப்பட்டியில் உற்பத்தியைத் தொடங்கியது. ராம்கோ குழுமம் என்று இன்று அறியப்படுவதன் வேர் இவ்விரண்டிலும் உள்ளது.

ஆலை நூலின் பயன் ஆலைமதிலோடு நின்றுவிடவில்லை. ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ள சத்திரப்பட்டியில் சேலை, வேட்டி நெய்த தறிகள் மெல்ல மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெசவுக்கு மாறின. நெருக்கமில்லாத இழையோட்டத்தில் நெய்து, வெளுத்து, எண்ணெய்ப்பசை நீக்கி, உறிஞ்சும் தன்மை வரச் செய்து, குறித்த அகலத்தில் கத்தரித்துச் சுருட்டும் அத்தொழில், பார்வைக்கு எளிது. ஒவ்வொரு படியிலும் தூய்மை குறைந்தால் சரக்கு முழுவதும் திரும்பிவிடும் என்பதால் மிகுந்த கட்டுப்பாட்டைக் கோருவது. இந்தியாவின் மருத்துவத் துணி உற்பத்தியில் இச்சிற்றூர் பெற்றுள்ள இடம், பெருநகர் வாசகர் பலர் அறியாதது. தெற்கே தளவாய்புரம் பெண்களின் இரவு உடைத் தையலுக்கும், வடக்கே சுந்தரபாண்டியம் பருத்திச் சேலைக்கும் பெயர் பெற்றன. கரிசல் பருத்தியில் தொடங்கி மலையடிவாரத் தறியில் முடியும் இந்தச் சங்கிலியில் ஏறத்தாழ ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கண்ணி உண்டு.

அரசியலில் இவ்வட்டாரம் தந்த முதன்மையான பெயர் பூ. ச. குமாரசாமி ராஜா. 1898-இல் ராஜபாளையத்தில் பிறந்த அவர் காந்திய வழியில் பொதுவாழ்வுக்கு வந்தவர். 1927-இல் கதர்ப் பணிக்காகத் தென்னகம் சுற்றிய காந்தி ராஜபாளையத்துக்கும் வந்தது அவ்வழியில் ஊரை ஈர்த்தது. 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற அவர், 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசானபோதும் அப்பதவியில் இருந்ததால், மாகாணத்தின் கடைசிப் பிரதமராகவும் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் வரலாற்றில் இடம்பெற்றார். 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றார். பதவியில் இருந்த முதலமைச்சரைச் சொந்த மண்ணே தோற்கடித்தது, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலின் வலிமையைக் காட்டிய நிகழ்வு. பின்னர் ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றி 1957-இல் மறைந்தார். தம் வீட்டையே அவர் பொதுவுக்குக் கொடுத்ததால் உருவான காந்தி கலைமன்றம் ராஜபாளையத்தின் இசை, இலக்கிய நிகழ்ச்சிகளுக்கு நிலையான இடமாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பொருளாதாரம் வேறு பாதையில் சென்றது. அங்கே பெரிய ஆலை எழவில்லை. மலையோர மேய்ச்சலும் வயல் வைக்கோலும் தந்த பால்தான் தொழிலாயிற்று. வடநாட்டிலிருந்து வந்து தென்மாவட்டங்களில் 'லாலா கடை' வைத்த இனிப்புக்காரர்கள் தொடங்கி வைத்ததாக ஊரார் கூறும் பால்கோவா, கூட்டுறவுப் பால் சங்கம் அதைத் தயாரிக்கத் தொடங்கிய பின் ஊரின் அடையாளமே ஆனது. அகன்ற இரும்புச் சட்டியில் பத்து லிட்டர் பாலை ஊற்றி, விறகடுப்பின் தீயைக் கூட்டியும் குறைத்தும், அடிபிடிக்காமல் நீண்ட கரண்டியால் இடைவிடாது கிளறி, ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்து, பால் சுண்டித் திரளும் பதத்தில் இறக்குவதுதான் செய்முறை. வேறு பொருள் எதுவும் சேர்வதில்லை. பால் மணலாகத் திரிவதற்கும் கட்டியாக இறுகுவதற்கும் நடுவிலுள்ள பதம் சில நொடிகளில் தப்பிவிடும் என்பதால் சட்டியின் முன் நிற்பவர் கண்ணை எடுக்க முடியாது. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது இவ்வூர்ப் பகுதியில் செய்யப்படாத எதையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்ற பெயரில் விற்பது சட்டப்படி தவறு. பேருந்து நிலையந்தோறும் அப்பெயர்ப் பலகை தொங்கும் நாட்டில் இந்தக் காப்பு தேவையானதே.

வரலாறு முழுவதும் இவ்விரு ஊர்களுக்கும் நீரும் விறகும் தேனும் தந்த மலை, கடந்த நாற்பது ஆண்டுகளாகச் சட்டத்தின் பார்வையில் வேறு நிலையை அடைந்துள்ளது. இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றோர மரங்களின் கிளை ஒன்றோடொன்று கோத்த இடங்களில் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவி வாழும் அவ்வணிலைச் செண்பகத்தோப்புப் பகுதியில் காணலாம். மலையடிவாரத்தின் பழைய மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் அதன் உணவெல்லைக்குள் அடங்கியவை. 2021-இல் இச்சரணாலயமும் தேனி மாவட்டத்து மேகமலையும் இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயின. ஆயிரம் சதுர கிலோமீட்டரைக் கடந்த இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு மலையேறுவோரின் வழியும், தேன் எடுத்து வாழ்ந்த பளியர் குடிகளின் வாழ்விடங்களும் இதே காட்டில் உள்ளன. 2015 மே மாதம் சதுரகிரி ஓடைகளில் திடீர் வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைக் கொண்ட பின், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களுக்கு மட்டும் மலையேற்றம் வரையறுக்கப்பட்டது. காட்டைப் பேணும் சட்டம் பளியரின் தேன், மூலிகை உரிமையோடு எவ்வாறு ஒத்துப்போவது என்ற கேள்வி இன்னும் நீதியாகத் தீர்க்கப்பட வேண்டியது; 2006-ஆம் ஆண்டின் வனஉரிமைச் சட்டம் அதற்கான வழியைத் திறந்து வைத்துள்ளது. ராஜபாளையத்தின் குடிநீர் அய்யனார்கோயில் பகுதியின் ஓடைகளிலிருந்து வருவதாலும், வைப்பாற்றின் மேற்கூறுகள் பல இக்காட்டில் பிறப்பதாலும், அங்கே மேற்கொள்ளப்படும் ஒவ்வொரு முடிவும் கிழக்கே கரிசல் ஊர்களின் கண்மாய்கள் வரை தன் விளைவைக் கொண்டு சேர்க்கிறது.